இரும்புக் கவசத்தைக் கழற்றுங்கள்

கேள்வி: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. திருமங்கலத்திலிருந்து மதுரையில் உள்ள கல்லூரிக்கு பஸ்ஸில் வரும்போது செல்போனில் விளையாடுகிறேன். மந்திரவாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டு மேஜிக் அளவை 9 வரை ஏற்றிவிட்டேன். 1,500 காசு கொடுத்து ஏர் ஸ்டாஃப் என்ற கோலும் வாங்கினேன். ஆனால் வெறும் மாட்டின் மீது பத்து முறை விண்ட் ஸ்ட்ரைக் என்ற மந்திரத்தை வீசினால் இரண்டு முறைதான் படுகிறது. மந்திரத்துக்குச் செலவாகும் ரூன் கற்கள் கரைகின்றன. முழு இரும்புக் கவசமும் கேடயமும் போட்டிருந்தும் வேராக் நகரத்துக்குத் தெற்கே டார்க் விசார்ட் என்ற மந்திரவாதிகள் இரண்டு முறை என்னைக் கொன்றுவிட்டார்கள். என் தம்பி இரும்பு வாளை வைத்துக்கொண்டு மாடு மாடாகச் சாய்க்கிறான். தினமும் கேலி வேறு. இந்த விளையாட்டில் மந்திரம் பலவீனமானதா, நான்தான் ஏதாவது தவறு செய்கிறேனா?

— திருமங்கலம் வாசகி

பதில்:

"முழு இரும்புக் கவசமும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மற்ற தொல்லைகளில் பாதி அதிலிருந்து முளைத்தவைதான். எனவே முதலில் கவசத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம்.

கோரிப்பாளையத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி விளையாடிய காலத்தில் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். மந்திரம் எறிகிறவன் பின்னால் நிற்பான், அடி வாங்கினால் தாங்க மாட்டான், எனவே கனமாக ஏதாவது மாட்டிக்கொள்வோம் என்று தோன்றுவது இயல்பு. இந்த விளையாட்டு அந்த இயல்பான யோசனைக்குத்தான் தண்டனை கொடுக்கிறது. அதையும் வாய்விட்டுச் சொல்லாது. மந்திரம் பறந்து போகும், எதிரி மீது தெறித்துச் சிதறும், அவ்வளவுதான். விளையாட்டாளர்கள் இதை ஸ்பிளாஷ் என்பார்கள்.

அணிந்திருக்கும் பொருள்களைக் காட்டும் திரையின் அடியில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் தாக்கும் எண்கள், காக்கும் எண்கள் என்று இரண்டு பட்டியல்கள் விரியும். தாக்கும் பட்டியலில் மேஜிக் என்ற வரியைப் பாருங்கள். முழுத் தலைக்கவசம் −6. மார்புக் கவசம் −30. கால் கவசம் −21. பெரிய கேடயம் −8. கூட்டினால் −65. வெண்கலம், இரும்பு, ரூன் என்றே பெயர் கொண்ட விலை உயர்ந்த உலோகம், எதுவானாலும் இதே எண்கள்தான். உங்கள் ஏர் ஸ்டாஃப் கொடுப்பது +10 மட்டும்.

இனி கொஞ்சம் கணக்கு. பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் உங்களுக்கு இது அவசியம். தம்பியிடம் வாதாடப் பயன்படும்.

ஒவ்வொரு வீச்சுக்கும் உங்களுக்கு ஒரு எண், எதிரிக்கு ஒரு எண். இருவரும் பூஜ்யத்திலிருந்து தத்தம் எண் வரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுக்கிறீர்கள். உங்கள் சீட்டு பெரிதாக இருந்தால் மந்திரம் படும். உங்கள் எண்ணுக்கான சூத்திரம், மேஜிக் அளவோடு 9-ஐக் கூட்டி, அதை உங்கள் மேஜிக் தாக்கு எண்ணும் 64-உம் சேர்ந்த தொகையால் பெருக்குவது. மேஜிக் 9 என்றால் முதல் பகுதி 18. கவசத்தோடு இரண்டாவது பகுதி 64 + 10 − 65, அதாவது வெறும் 9. பெருக்கினால் 162. மாட்டின் மேஜிக் அளவு 1. அதன் மந்திரக் காப்பு எண் −21. அதே சூத்திரப்படி 10 × 43 = 430. ஒரு பாவப்பட்ட பசு உங்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பெரிய சீட்டுக் கட்டை வைத்திருக்கிறது! இந்த நிலையில் நூறு வீச்சுக்குப் பத்தொன்பது படும். பத்துக்கு இரண்டு என்று நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய அப்படியே வருகிறது. கவசத்தைக் கழற்றினால் 18 × 74 = 1,332. இப்போது நூறுக்கு எண்பதுக்கு மேல் படும். அதே கோல், அதே ரூன், அதே பசு.

காசு மிஞ்சினால் நீல விசார்ட் அங்கியும் தொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து +5 தரும். மேஜிக் தாயத்து கிடைத்தால் அது மட்டுமே +10. கிடைக்காவிட்டாலும் குறையில்லை. வெறும் சட்டையோடு நிற்பது இரும்போடு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது வேராக்கின் தெற்கு வாசலுக்கு வெளியே நடந்த கொலைகள். கல் தூண்கள் வட்டமாக நிற்கும் அந்த இடம் புதியவர்களின் மயானம். அங்கே சண்டை அளவு 7, 20 என்று இரண்டு வகை டார்க் விசார்ட்கள் உண்டு. இரண்டுமே தாமாக வந்து தாக்கும். இரும்பு உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தீர்கள். இரும்புக் கவசம் வாளைத் தடுக்கும், அம்பைத் தடுக்கும். மந்திரத்தைத் தடுக்காது. காக்கும் பட்டியலில் மேஜிக் வரியைப் பார்த்தால் மார்புக் கவசம் ஒன்றுக்கே −6 என்று இருக்கும். சித்திரை வெயிலுக்குக் கம்பளி போர்த்திய கதைதான்.

அங்கே இன்னொரு விஷயமும் உங்களுக்கு எதிராக வேலை செய்தது. அதைப் பல மாதம் விளையாடியவர்களே கவனிப்பதில்லை. விளையாட்டு நடத்தும் எதிரிகள் மந்திரத்தைத் தாங்குவது அவர்களுடைய டிஃபென்ஸ் என்ற தற்காப்பு அளவைக் கொண்டு அல்ல, மேஜிக் அளவைக் கொண்டுதான். மேலே மாட்டுக்குப் போட்ட கணக்கில் அதன் டிஃபென்ஸ் எங்கும் வரவில்லை, பார்த்தீர்களா? ஆகவே எதிரியின் தலைக்கு மேல் தெரியும் சண்டை அளவைப் பார்த்துப் பயப்படவோ துணியவோ கூடாது. பூதம்போல நிற்கும் பல எதிரிகளுக்கு மேஜிக் அளவு 1 தான். அவர்கள் மீது வீசும் மந்திரம் பெரும்பாலும் படும். ஒல்லியாக அங்கி போட்டு நிற்கும் 20-ஆம் அளவு டார்க் விசார்டின் மேஜிக் உங்களுடையதைவிட அதிகம். மந்திரவாதி மந்திரவாதியோடு மோதுவது ஆரம்பத்தில் வீண் செலவு. விளையாட்டாளர்கள் சேர்ந்து எழுதும் விக்கியில் ஒவ்வொரு எதிரிக்கும் தனிப் பக்கம் உண்டு. ரூன் செலவழிக்கும் முன் அதில் மேஜிக் அளவு, மந்திரக் காப்பு எண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். 2024 முதல் சில எதிரிகளுக்குக் காற்று, நீர், மண், நெருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பலவீனமாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

கவசம் இல்லாமல் அடி வாங்கினால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். அடி வாங்கும் இடத்தில் நிற்கவே கூடாது. அலங்காநல்லூரில் வாடிவாசல் முன்னால் இறங்கித் திமிலை அணைக்கிறவர் உங்கள் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தடுப்புக் கட்டைக்குப் பின்னால் நிற்கிறவர். வித்தியாசம் என்னவென்றால், இந்த விளையாட்டில் தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே காளையைச் சாய்க்கலாம். மந்திரம் பத்துக் கட்டம் தூரம் வரை போகும். இங்கே உள்ள எதிரிகளுக்குச் சுற்றி வரத் தெரியாது. நேராக உங்களை நோக்கி வருவார்கள், நடுவில் வேலியோ பாறையோ இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள். லம்பிரிட்ஜ் என்ற ஊருக்குக் கிழக்கே ஆற்றைத் தாண்டி உள்ள மாட்டுப் பட்டியில், வேலிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் மாட்டின் மீது வீசிப் பாருங்கள். அது வேலி வரை வந்து உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வேலி மாட்டைத் தடுக்கும், மந்திரத்தைத் தடுக்காது. இப்படிப்பட்ட இடத்துக்கு சேஃப்ஸ்பாட் என்று பெயர். பஸ்ஸில் விளையாடும் உங்களுக்கு இது இரட்டை லாபம்: கப்பலூர் பக்கம் சிக்னல் போய்விட்டாலும், மறுபடி வரும்வரை உங்கள் ஆள் அடி வாங்காமல் நிற்பார்.

ஒவ்வொரு முறையும் மந்திரப் புத்தகத்தைத் திறந்து, மந்திரத்தைத் தொட்டு, பிறகு மாட்டைத் தொடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். அப்படியென்றால் ஒரு வீச்சு முடிந்ததும், மாடு திருப்பி அடித்தவுடன் உங்கள் ஆள் ஓடிப்போய்க் கோலாலேயே அதை மொத்த ஆரம்பித்திருப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், மேஜிக் அளவை உயர்த்தும் அனுபவப் புள்ளி மட்டும் ஏறாது. கோலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைத் தேர்வுகளுக்கான திரைக்குப் போனால் ஆட்டோகாஸ்ட் என்று இருக்கும். அதில் விண்ட் ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மாட்டை ஒரு முறை தொட்டால் போதும். அங்கேயே கேடயப் படம் போட்ட இன்னொரு தேர்வும் உண்டு. அது அனுபவத்தை டிஃபென்ஸுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

தம்பியின் கேலியில் ஓரளவு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் கடிகாரம் 0.6 விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. மந்திரம் ஐந்து துடிப்புக்கு ஒன்று, அதாவது 3 விநாடி. தம்பியிடம் இருப்பது வளைந்த வாள் என்றால் நான்கு துடிப்பு, 2.4 விநாடி. நிமிடத்துக்கு நீங்கள் 20 வீச்சு, அவன் 25 வெட்டு. போதாததற்கு நீங்கள் மேஜிக் 1-இல் தொடங்கியபோது விண்ட் ஸ்ட்ரைக்கின் உச்ச அடியே 2 தான். மாட்டுக்கு உயிர் 8. செலவிலும் அவனுக்குத்தான் வசதி. அவனுடைய வாள் சைக்கிள் மாதிரி, ஒரு முறை வாங்கினால் தீர்ந்தது. உங்களுடையது ஷேர் ஆட்டோ, ஏறும்போதெல்லாம் காசு. ஆனால் ஏர் ஸ்டாஃப் கையில் இருப்பதால் ஏர் ரூன் செலவே இல்லை. ஒரு வீச்சுக்கு ஒரு மைண்ட் ரூன்தான். வேராக்கில் ரூன் விற்கும் ஆபரியின் கடையில் அதன் அடிப்படை விலை 3 காசு. அதோடு, படாமல் சிதறிய மந்திரத்துக்கும் 5.5 அனுபவம் உண்டு. இதுவரை தெறித்ததெல்லாம் முழு நஷ்டம் இல்லை.

மேஜிக் 17 வந்ததும் போல்ட் வகை மந்திரங்கள் திறக்கும். அப்போது கை பரபரக்கும். அவற்றுக்குக் கேயாஸ் ரூன் வேண்டும். அதே கடையில் ஒன்றின் அடிப்படை விலை 90 காசு. உச்ச அடியோ 8-இலிருந்து 9 ஆகிறது. வேண்டாம்.

இப்போதைய இலக்கு 13. அங்கே ஃபயர் ஸ்ட்ரைக் கிடைக்கும், உச்ச அடி 8. நீங்கள் 9-இல் இருப்பதால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. டிரெய்னர் கிராமத்துக்குத் தெற்கே உள்ள விசார்ட் கோபுரத்தில் மிஸ்காக் என்ற கிழவர், கறுப்பு, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு மணிகளைக் கேட்பார். இம்ப் என்ற குட்டிச்சாத்தான்களைக் கொன்றால் அவை கிடைக்கும். அடித்தால் மாயமாகி வேறெங்கோ போய்த் தொலையும் பிறவிகள் அவை, எனவே முடிந்தால் மணிகளைச் சந்தையிலேயே வாங்கிவிடுங்கள். கொடுத்ததும் 875 மேஜிக் அனுபவம். 9-ஆம் அளவுக்கு 969, 13-க்கு 1,833. 969-உடன் 875-ஐக் கூட்டிப் பாருங்கள். 11 மிஞ்சும்.

முடித்துவிட்டு அவர் இருக்கும் அதே மேல்மாடியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே கூண்டுக்குள் லெஸ்ஸர் டீமன் என்ற சிவப்புப் பேய் நிற்கிறது. சண்டை அளவு 82, உயிர் 79. பார்த்தாலே பயம் வரும். ஆனால் மேஜிக் அளவு 1, கூண்டைத் தாண்டி வரவும் முடியாது. ஃபயர் ஸ்டாஃபோடு போனால் ஒரு வீச்சுக்கு இரண்டு ஏர் ரூன், ஒரு மைண்ட் ரூன், ஆபரி கடை விலையில் 11 காசு. சராசரியாக இருபத்தைந்து வீச்சில் சாயும். பழங்காநத்தம் சிக்னலில் உங்கள் பஸ் நின்று கிளம்பும் நேரம்தான். தம்பியையும் ஒரு நாள் அங்கே கூட்டிப்போங்கள். அவனுடைய வாள் அந்தக் கம்பிகளைத் தாண்டி எட்டாது.