சிங்கப்பூர் வேலை, சென்னை வாடகை: ரெண்டு வரிக் கணக்கு

சிங்கப்பூர்ல சம்பளம், சென்னை வேளச்சேரி ஃபிளாட்ல இருந்து வாடகை வருமானம், ரெண்டு ஊர் வரிக் கணக்கால ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல சைக்கிள் ஓட்டறதே நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கீங்க. பதறாதீங்க. வரிக் கணக்கு தாக்கல் பண்ண கடைசி நாள் இங்க சிங்கப்பூர்ல ஏப்ரல் 18, அங்க இந்தியால ஜூலை 31; ரெண்டும் மோதாது. தனிநபரோட சென்னை வாடகைக்கு இங்க வரியும் இல்ல.

அங்க ஐடிஆர்-2ங்கற வருமான வரிப் படிவத்தைப் போடுங்க. ஐடிஆர்-1 என்ஆர்ஐக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கு) ஆகாது. வாடகைல கட்டின சொத்து வரி போக மிச்சத்துல 30% கழிவு உண்டு. வாடகைக்கு இருக்கறவர் டிடிஎஸ் (வாடகைல முன்னாடியே கழிக்கற வரி) பிடிச்சுக் கட்டினாரான்னு 26ஏஎஸ்ல, அதாவது உங்க பேர்ல கட்டின வரியைக் காட்டற அறிக்கைல, பாருங்க. நான் ஒரு வருஷம் இதுலதான் மாட்டினேன். அதிகமாப் பிடிச்சிருந்தா ரீஃபண்ட் வரும்.

படிவத்தைத் தாக்கல் செஞ்சு 30 நாளுக்குள்ள அது நீங்க போட்டதுதான்னு உறுதிப்படுத்தணும் (இ-வெரிஃபை). ஆதார் ஓடிபி வர்ற இந்திய சிம்மை ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க. ரசீதை நான் எம்ஆர்டி ரயில்ல போறப்பவே ஃபோன்ல ஒரே ஃபோல்டர்ல போட்டுடுவேன். ஞாயிறு தப்பிச்சுது!