கையில் கோப்பு இல்லாமல் பேசினால் என்ன?

கேள்வி: வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர்கள் எதைக் கேட்டாலும் கோப்பைப் புரட்டி, அதில் உள்ளதையே படிக்கிறார்கள். சொந்தமாகப் பேசக் கூடாதா?

பதில்: செய்தியாளர் கூட்டத்தில் நின்று தொடர்பாளர் சொல்வதெல்லாம் அரசின் நிலைப்பாடு. அதைக் கேட்டுத் தங்கள் தலைநகருக்கு எழுதி அனுப்ப ஒவ்வொரு தூதரகத்திலும் ஆள் இருக்கிறார். அதனால் அரை மணி நேரக் கூட்டத்துக்கு அரை நாள் வேலை நடக்கிறது.

காலையில், இரவு வந்த தூதரகத் தகவல்களையும் செய்திகளையும் படித்து, இன்று எவையெல்லாம் கேட்கப்படும் என்று பட்டியல் போடுவார்கள். ஒவ்வொரு கேள்வியும் அந்த நாட்டைக் கவனிக்கும் பிரிவுக்குப் போகும். பிரிவு பதிலை வரையும். ஒப்பந்தம், கைது என்றால் சட்டப் பிரிவும், படை தொடர்பானது என்றால் பாதுகாப்பு அமைச்சகமும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதே விஷயத்தில் முன்பு சொன்னதையும் எடுத்து ஒப்பிடுவார்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் 'கொள்கை மாறிவிட்டதா?' என்ற கேள்வி உடனே வரும்.

கோப்பில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். ஒன்று, நாமே அறிவிப்பது. மற்றது, கேட்டால் மட்டும் சொல்வது. இரண்டாவதை யாரும் கேட்காமல் சொல்லிவிட்டால், சின்ன உரசல்கூட அதிகாரபூர்வக் கண்டனமாகிவிடும். நல்ல தொடர்பாளர் வரைவை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். 'இதைச் சொன்னதும் அடுத்து என்ன கேட்பார்கள்? அதற்குப் பதில் எங்கே?' என்று திருப்பி அனுப்புவார். தடுமாற்றம் பெரும்பாலும் அந்த அடுத்த கேள்வியில்தான் நேர்கிறது.

தயாரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1989 நவம்பர் 9 போதும். கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சி சார்பில் பேசிய குந்தர் ஷபோவ்ஸ்கி, மக்கள் வெளிநாடு செல்ல அனுமதிக்கும் புதிய பயண விதிகள் பற்றிய தாளைச் சரியாகப் படிக்காமலே செய்தியாளர் கூட்டத்துக்கு வந்துவிட்டார். செய்தியை மறுநாள் அதிகாலை வரை வெளியிடக் கூடாது என்பது ஏற்பாடு. அது அவருக்குத் தெரியாது. 'எப்போதிலிருந்து அமல்?' என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். கூட்டம் தொலைக்காட்சியில் நேரலை. அன்றிரவே பெர்லின் சுவரின் வாயில்களில் மக்கள் குவிந்தார்கள்; எந்த உத்தரவும் வராத காவலர்கள் கடைசியில் திறந்துவிட்டார்கள். அந்த விளைவு உலகுக்கு நல்லதாக முடிந்தது. போர் மூளும் தருவாயில் இப்படி ஒரு வாக்கியம் தவறினால் உயிர்கள் போகும்.

கேள்வி: 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி' என்று செய்தியில் வருகிறதே, அவர் யார்?

பதில்: பல நேரம் அதே தொடர்பாளரோ, அவர் அழைத்துவந்த மூத்த அதிகாரியோதான். செய்தியாளர்களுடன் பேசுவதில் படிகள் உண்டு: பெயருடன் வெளியிடலாம், 'அரசு அதிகாரி' என்று மட்டும் போடலாம், எதையும் போடக் கூடாது (புரிதலுக்கு மட்டும்). எந்தப் படி என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே இருவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். சொல்லி முடித்துவிட்டு 'இதைப் போடாதீர்கள்' என்றால் செய்தியாளருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. புதிதாக வரும் அதிகாரிகள் அடிக்கடி சிக்குவது இங்கேதான்.

கேள்வி: தொடர்பாளராக இருந்தவரைத் தூதராக அனுப்புவது ஓரங்கட்டுவதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எல்லாப் பிரிவுகளின் வேலையையும் தினமும் தொட்டவர் என்பதால் பெரிய பொறுப்புக்கு அது நல்ல பயிற்சி. அமெரிக்காவின் நிக்கோலஸ் பர்ன்ஸ் 1997-இல் அந்தப் பதவியிலிருந்து கிரேக்கத் தூதராகப் போனார். பின்னாளில் சீனாவுக்கும் தூதரானார். இந்தியாவின் நிருபமா ராவ் வெளியுறவுச் செயலராகவே உயர்ந்தார். சையது அக்பருதீன் ஐ.நா.வில் நிரந்தரப் பிரதிநிதியானார்.

கேள்வி: நாம் அறிவித்த தூதரை அந்த நாடு வேண்டாம் எனலாமா?

பதில்: எனலாம். அதனால்தான் முன்னதாக ரகசியமாகச் சம்மதம் கேட்கிறார்கள். தூதரக உறவு பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவின்படி, மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வரும்முன் பெயர் கசிந்துவிட்டால் மறுப்பு ஊரறிந்த அவமானமாகி, அடுத்த பெயரை அனுப்புவதும் சிக்கலாகும். பதவியேற்ற பிறகும் 9-ஆவது பிரிவின்படி எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், 'ஏற்கத் தகாதவர்' என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம்.