அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி. பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளட்டும், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பையன்கள் சிரிப்பார்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று எனக்கும் பயம். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: நடத்துங்கள். நீங்கள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லையே! எட்டாம் வகுப்பிலேயே 'வளரிளம் பருவமடைதல்' என்று தனிப் பாடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது, இரண்டும் அரசு அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தில் உள்ளவை. யாராவது கேட்டால் புத்தகத்தை விரித்துக் காட்டுங்கள். அதைவிட, கேட்பதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "அடுத்த வாரம் இந்தப் பாடம் எடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பாதி காதில் விழுந்த பேச்சுதான் பெற்றோரைக் கோபமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சிரிப்பு வரும், வரட்டும். கருப்பை, அண்டகம், விந்தகம் என்று புத்தகச் சொற்களை, இதயம் நுரையீரல் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே போங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நீங்கள் குரலைத் தாழ்த்தினாலோ பக்கத்தைப் புரட்டித் தாண்டினாலோதான் அவர்களுக்கு அது ரகசியமாகிறது.

பாடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுச் சீட்டு கொடுத்துக் கேள்வி எழுதச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர்களும் 'கேள்வி இல்லை' என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும், அப்போதுதான் யார் எழுதினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. படித்துப் பார்த்து மறுநாள் பதில் சொல்லுங்கள், உடனே சொல்ல வேண்டும் என்று ஒன்றுமில்லை. தனியாகப் பேச விரும்புகிறவர் மட்டும் பெயர் எழுதலாம்.

ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உறவினர் ஒருவர் தப்பாகத் தொடுகிறார் என்று ஒரு சீட்டு வந்தால், அதை உங்களோடு வைத்துக்கொள்ள முடியாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம், மறைப்பதே குற்றம். "உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகளே நேராக அழைக்கலாம்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மாணவிகளை மட்டும் உட்காரவைத்து மாதவிடாய் பற்றிப் பேசிவிட்டு, பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். "எங்களுக்கு எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்கிறான்.
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: எவ்வளவு நியாயமான கேள்வி! எனக்கு ரொம்ப நாளாகவே இருக்கும் வருத்தம் இது. பெண் பிள்ளைகளுக்காவது அரைகுறையாக யாரோ சொல்கிறார்கள், பையன்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது அந்த வயதில் இயல்பு, அதனால் உடம்பு மெலியாது, நரம்பு தளராது, நினைவாற்றல் போகாது. இந்த ஒரு விஷயத்தைப் பள்ளியில் ஒருவர் தெளிவாகச் சொல்லாததால்தான், 'இளமையில் செய்த தவறு' என்று டிவியில் மிரட்டுகிறவர்களும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பிழைக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் வெளியே சொல்ல முடியாமல் பயந்து, படிப்பில் கவனம் போய், கடைசியில் அவர்களிடம் காசைக் கொட்டுகிறார்கள்!

மாதவிடாயும் பையன்களுக்குத் தெரியத்தான் வேண்டும். பூப்பெய்திய முதல் இரண்டு வருடம் தேதி முன்னே பின்னே ஆகும், ரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பையன், வகுப்பில் ஒரு பெண்ணின் உடையில் கறை பட்டால் கேலி செய்ய யோசிப்பான். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை எதற்கு என்பதையும் சேர்த்தே சொல்லலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை, ஆனாலும் 'வயிற்றைப் புரட்டுகிறது' என்று அந்த மாத்திரையைத் தூக்கிப்போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை குறையும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

பள்ளி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே மகனிடம் பேசுங்கள். அப்பாவோ தாய்மாமாவோ பேசினால் இன்னும் சுலபம், ஆனால் அவர்கள் கூச்சப்பட்டால் அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?
- ஒரு தகப்பனார், சேலம்

பதில்: மாட்டார்கள் ஐயா. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உடலுறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது. உங்கள் பிள்ளையின் கையில் போன் இருந்தால் அதில் வருவது இதைவிட ஆயிரம் மடங்கு மோசம், அதற்கு நடுவில் டீச்சர் சொல்லும் ஒரு சரியான விளக்கம் அவர்களுக்கு அவசியம் வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் இன்று இரவே அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். நெருடலாக ஏதாவது இருந்தால் எந்த வரி என்று குறித்து எனக்கு எழுதுங்கள், பேசலாம்.