தொற்றுநோய் என்று சொல்லி அரசு கோயிலை மூடலாமா? தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நாம் என்ன செய்யலாம்?

மூடலாம். ஆனால் மூடியது நியாயம்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது. டர்பனில் நம்மவர்கள் பலர் "வழிபாட்டு உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். 15ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, உண்மைதான். 36ஆம் பிரிவு அதற்கு வரம்பு போடவும் வழிவிடுகிறது. உரிமை எத்தகையது, நோக்கம் எவ்வளவு முக்கியம், கட்டுப்பாடு எவ்வளவு கடுமை, அதனால் அந்த நோக்கம் நிறைவேறுமா, இதைவிடக் குறைந்த கெடுபிடியில் அதே பலன் கிடைக்குமா என்று நீதிமன்றம் எடைபோடும். வழக்கு பெரும்பாலும் கடைசி இரண்டு கேள்விகளில்தான் ஜெயிக்கும், அல்லது தோற்கும்.

2020 லாக்டவுனில் பள்ளிவாசலில் கூடித் தொழ விலக்கு கேட்டுப் போட்ட வழக்கை பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஏப்ரல் 30 அன்று தள்ளுபடி செய்தது. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்பதற்கு அரசிடம் பதில் இருந்தது. 2008இல் கேப் டவுனில், மருந்துக்குக் கட்டுப்படாத டிபி நோயாளிகளை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க உயர் நீதிமன்றம் அனுமதித்ததற்கும் காரணம் இதேதான்.

சிகரெட் தடை வேறு கதை. 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை விற்கக் கூடாது என்றார்கள். புகைப்பது குறைந்தால் தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் தேவையும் குறையும் என்பது அரசின் வாதம். ஆனால் ஜனங்கள் கள்ளச் சந்தையில் வாங்கிப் புகைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். தடைக்கும் பலனுக்கும் தொடர்பு நிற்கவில்லை. 2022 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அரசு தோற்றது.

எனக்கு உறுத்துவது, இந்த 2020 கட்டுப்பாடுகளைப் போடப் பயன்பட்ட பேரிடர்ச் சட்டம். நெருக்கடி நிலை என்றால் 21 நாளுக்கு மேல் நீட்டிக்க நாடாளுமன்றம் ஓட்டுப்போட வேண்டும். பேரிடர் நிலைக்கு அந்த ஓட்டு கிடையாது. முதல் மூன்று மாதம் முடிந்ததும் அமைச்சரே ஒவ்வொரு மாதமாக நீட்டிக்கலாம். 2020 மார்ச் 15இல் தொடங்கியது அப்படித்தான் 2022 ஏப்ரல் வரை ஓடியது. இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

சரி, நகராட்சி அதிகாரி உங்கள் கோயில் மண்டபத்தை மூடச் சொல்கிறார் என்று வையுங்கள். உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். நிர்வாக நீதிச் சட்டப்படி 90 நாளுக்குள் காரணம் கேட்கலாம், அவர்களுக்கும் பதில் தர 90 நாள் உண்டு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காரணம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஆனால் நகராட்சி அமைப்புகள் சட்டம் 62ஆம் பிரிவில் மேலாளரிடம் மேல்முறையீடு செய்ய 21 நாள்தான். அதை விட்டுவிட்டு நீதிமன்றம் போனால், நகராட்சிக்குள்ளேயே இருக்கும் இந்த மேல்முறையீட்டு வழியை (உள்வழியை) ஏன் முடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். உள்வழி முடிந்த பிறகும் தாமதிக்கக் கூடாது; அதன்பின் நீதிமன்றம் போக 180 நாள்தான் உச்ச வரம்பு.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் மனக்குறையைக் கொட்டுவதைவிட மாற்று ஏற்பாட்டை எழுதுங்கள். மண்டபம் எத்தனை சதுர மீட்டர், கதவு ஜன்னல் எத்தனை, ஒரு நேரத்தில் எத்தனை பேரை விடுவீர்கள், பூசையை எத்தனை வேளையாகப் பிரிப்பீர்கள், அன்னதானத்தைப் பந்தி போடாமல் பொட்டலமாகக் கொடுப்பீர்களா. இதெல்லாம் ஏன் போதாது என்று அதன்பின் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.