தினமும் பைக்கிலேயே வேலைக்குப் போய் வருகிறீர்களே, ஆபத்தாகத் தெரியவில்லையா?

கேள்வி கேட்டவர் கீழே விவரமும் கொடுத்திருக்கிறார். புது வேலை, போக இருபது கிலோமீட்டர், வர இருபது. பைக்கில் போக ஆசை. வீட்டில் "பஸ்ஸில் போ, பைக் வேண்டாம்" என்கிறார்களாம். வருடக்கணக்காகப் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்.

நான் அந்த வருடக்கணக்கு ஆள்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஆபத்துதான். வீட்டில் பயப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு, சீட் பெல்ட், காற்றுப் பை எல்லாம் இருக்கின்றன. நமக்கு ஒரு ஹெல்மெட், மேலே போட்ட துணி, அவ்வளவுதான். இதை மறைத்துவிட்டுப் பைக்கின் சுகத்தை மட்டும் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஆனாலும் நான் பைக்கில்தான் போகிறேன், இனியும் போவேன். காரணம், அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம். எங்கிருந்து வரும் என்று தெரிந்தால் அதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியும். செய்யாமல் போவதற்கு ஒரே காரணம்தான் இருக்கிறது: "இங்கேதானே போறோம்" என்கிற நினைப்பு. என் அனுபவத்தில் தினசரிப் பைக் பயணத்தின் முதல் எதிரி அதுதான்.

நெடுந்தூரப் பயணம் என்றால் ஆளே மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முந்தின நாளே டயர் பார்ப்பார்கள், செயினுக்கு எண்ணெய் போடுவார்கள், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் வரும். அதே ஆள் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பட்டையை மாட்டாமலே வண்டியை எடுப்பார். வருடத்துக்கு ஒரு முறை போகும் பாதைக்கு அத்தனை ஏற்பாடு, நாள் தவறாமல் போகும் பாதைக்கு ஒன்றும் இல்லை. இது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

எனக்கு மட்டும் தோன்றும் விஷயமும் இல்லை இது. 1970களின் பிற்பகுதியில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981ல் அறிக்கை வந்தது. இன்றைக்கும் பைக் பாதுகாப்பு பற்றி யார் பேசினாலும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். அதன்படி, விபத்தில் முடிந்த பயணங்களில் பெரும்பாலானவை குட்டிப் பயணங்கள். கடைக்கு, நண்பர் வீட்டுக்கு என்று கிளம்பி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தவை. பாதி விபத்துகளில், ஆபத்து தொடங்கிய நேரத்தில் பைக்கின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. பெரும்பாலும் எதிரே வந்து சந்திப்பில் குறுக்கே திரும்பிய கார்கள். பலரும் பிறகு சொன்னது ஒன்றுதான்: "பைக்கை நான் பார்க்கவே இல்லை."

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. காரின் முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தூண் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும், நேர் எதிரே வரும் பைக் ஒரு மெல்லிய கோடு. அது நெருங்க நெருங்கப் பெரிதாவது கடைசி நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் அது இன்னும் தூரத்தில், மெதுவாக வருகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. கண்ணும் காரைத்தான் தேடுகிறது, லாரியைத்தான் தேடுகிறது. ஆகவே நாம் யார் கண்ணிலும் படவில்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் என் முதல் விதி. ஹெட்லைட் பகலிலும் எரியும், பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை இருக்கும். ஆனால் அதை நம்பி வேகத்தைக் கூட்டுவதில்லை.

சந்திப்பில் நான் என்ன செய்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தினமும் உயிரைக் காப்பது அதுதான். எதிரே ஒரு கார் திரும்பக் காத்திருக்கிறது என்றால் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கண் நம்மேல் இருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர ஆரம்பிப்பது அதில்தான் முதலில் தெரியும், சக்கர வட்டின் கம்பிகள் லேசாகச் சுழலும். அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, இரண்டு விரலை முன் பிரேக்கின் மேல் வைத்துவிடுவேன். இடம் இருந்தால் என் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்து வருவேன். நேர்க்கோட்டில் வரும் விளக்கை விட, பக்கவாட்டில் அசையும் விளக்கு கண்ணை இழுக்கும்.

விரலை ஏன் முன்கூட்டியே வைக்க வேண்டும்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கை பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும், காய்ந்த நல்ல சாலையிலும் இன்னொரு 20 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இந்தப் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். இன்னொன்று, நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு முன் பிரேக்கினுடையது. முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்து காலால் மட்டுமே பிரேக் போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காலியான இடத்தில், கையை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்திக்கொண்டே போய்ப் பழகுங்கள். வண்டி வாங்கும்போது ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ளதா, இல்லாததா என்று தேர்வு இருந்தால், வேறு எந்த வசதியை விட்டுக்கொடுத்தாவது ஏபிஎஸ் உள்ளதை எடுங்கள்.

ஹெல்மெட் பற்றி. டி. ஈ. லாரன்ஸ் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். முதல் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் சண்டையிட்டுப் பிழைத்து வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, ப்ரஃப் சுப்பீரியர் என்ற அந்தக் காலத்து அதிவேக பைக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தவர். 1935 மே மாதம் இங்கிலாந்தில், ஒரு தந்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் விலகப்போய் விழுந்தார். வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ல் கட்டுரை வெளியிட்டார், பிரிட்டிஷ் ராணுவமும் அந்த வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நாம் இன்று போடும் ஹெல்மெட்டின் கதையில் முக்கியமான ஒரு பகுதி, தந்தி ஆபீஸ் வரை போய்த் திரும்பிய அந்தக் குட்டிப் பயணம்.

பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டவர்களுக்கு விபத்தில் மரண வாய்ப்பு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் பட்டை மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தனியாகப் பறந்துவிடும். தலையில் போட்டு மாட்டிய பிறகு கையால் ஆட்டிப் பாருங்கள், கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்குதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்தது.

மழை. முதல் பத்து நிமிடம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தூறலில் கலந்து மேலே வந்துவிடும், நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு பிடிமானம் கொஞ்சம் திரும்பும். வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, ஈரமான சருகு, இவற்றின்மேல் வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். பிரேக்கோ திருப்பமோ அங்கே கூடாது. ரெயின்கோட்டை வானம் கறுத்ததுமே போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு போட்டால் உள்ளேயும் ஈரம், வெளியேயும் ஈரம். குழி எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு அடியில் தெரியாது, அதனால் முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எங்கே இறங்கி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன்.

வண்டியைப் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பிடித்த வேலை செயின். விடுமுறை நாள் காலையில், என்ஜினை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். (என்ஜின் ஓடும்போது இதைச் செய்து விரலை இழந்தவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.) பழைய துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பிடித்தால் கருப்புக் களிம்பு வந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் கண்ணிகளின் நிறம் தெரியும். எண்ணெயைச் செயினின் உள்பக்கத்தில் விட வேண்டும், சுழலும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். பிறகு இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்கு 20லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி, உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கடைசி வார்த்தை. ஒரே இடத்தில் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. டயர் காற்றை ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். இதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், இரண்டு சர்வீஸுக்கு நடுவே வண்டியை யாருமே பார்ப்பதில்லை என்று அர்த்தம்.

நெரிசலில் கார்களுக்கு நடுவே போவதைப் பற்றி என் கருத்து: நின்றுகொண்டிருக்கும் கார்களுக்கு நடுவே மெதுவாகப் போகலாம், ஓடுகிற கார்களுக்கு நடுவே கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014ல் இதை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்டு அனுமதித்தது. அது எனக்கு நியாயமான எல்லையாகப் படுகிறது. உங்கள் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் லூவன், பிரஸ்ஸல்ஸ் நெடுஞ்சாலையை வைத்து 2011ல் ஒரு கணக்குப் போட்டார்கள். கார்களில் பத்தில் ஒன்று பைக்காக மாறினால், எல்லா வண்டிகளுக்கும் நெரிசலில் வீணாகும் நேரம் 40 சதவீதம் குறையும் என்று வந்தது. பைக்காரர்களால்தான் நெரிசல் என்று திட்டுகிறவர்களிடம் இதை நான் விடாமல் சொல்வேன்.

கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள், "கார் எப்போ வாங்கப் போறீங்க?" என்று. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பைக் என்பது கார் வரும்வரை தற்காலிக ஏற்பாடு என்ற எண்ணம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது, அங்கேதான் கெடுதல். தற்காலிகம் என்று நினைப்பவர் நல்ல ஹெல்மெட்டுக்குச் செலவு செய்ய மாட்டார், பிரேக் பழக மாட்டார். உலகத்திலேயே மிக அதிகமாகத் தயாரான மோட்டார் வண்டி எது தெரியுமா? 1958ல் வந்த ஹோண்டா சூப்பர் கப். 2017ல் பத்துக் கோடியைத் தாண்டியது. பந்தய வண்டி இல்லை அது, வேலைக்கும் வீட்டுக்கும் போய் வரும் சின்ன வண்டி. அத்தனை கோடிப் பேர் செய்யும் வேலையைக் கவனமாகக் கற்றுக்கொண்டு செய்வதில் எனக்குப் பெருமை உண்டு.

சந்தோஷமும் நிறைய இருக்கிறது. மரங்கள் உள்ள தெருவுக்குள் நுழையும்போது காற்று சட்டென்று குளிர்வது, எங்கோ மழை பெய்த மண்வாசனை முதலில் மூக்குக்கு வருவது. இதெல்லாம் கண்ணாடி ஏற்றிய வண்டியில் தெரியாது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே யாரும் என்னைக் கூப்பிட முடியாத ஒரு பொழுது கிடைக்கிறது. அதனால்தான் ஹெல்மெட்டுக்குள் இயர்ஃபோன் வைக்காதீர்கள் என்கிறேன். பாதுகாப்பும் ஒரு காரணம், பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்க வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். வேலையில் சேர்வதற்கு முன், விடுமுறை நாள் ஒன்றில், நெரிசல் இல்லாத நேரத்தில் அந்த இருபது கிலோமீட்டரையும் ஓட்டிப் பாருங்கள். எந்தச் சந்திப்பில் குறுக்கே திரும்புகிறார்கள், எங்கே மணல் கிடக்கிறது, எங்கே சாலை குறுகுகிறது என்று பாருங்கள். பிறகு வேலைக்குக் கிளம்பும் நேரத்திலேயே இன்னொரு முறை போங்கள், காலை வெயில் எந்த இடத்தில் நேராகக் கண்ணில் அடிக்கிறது என்று தெரியும். நம் கண்ணில் அடிக்கும் இடத்தில் எதிரே வருகிறவருக்கு நாம் தெரிவோம். வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் எதிரே வருகிறவருக்குக் கண் கூசி நம்மைத் தெரியாது. மாலையில் திரும்பும்போதும் இதே கணக்குதான்.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பஸ்ஸில் போங்கள், வண்டியை விடுமுறை நாளில் எடுத்துப் பழகுங்கள்.