கம்பி ஆலை வேலைக்குப் போனால் முதுகு போய்விடுமா?

"தம்பிக்கு ஓசூர் பக்கம் கம்பி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. ரெண்டு வருஷத்தில் முதுகு போய்விடும் என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலையை ஒன்பது வருடம் பார்த்தவன் நான். போகலாம். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நான் ராயக்கோட்டைக்காரன். மண்டியில் தக்காளிக் கிரேட் தூக்கி வளர்ந்த உடம்பு, எடையெல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் உள்ளே போனேன். என்னைப் பண்டில் கட்டும் இடத்தில் விட்டார்கள். ஆறிய கம்பிகள் முழங்காலுக்குக் கீழே, கிட்டத்தட்ட தரையோடு கிடக்கும். குனிந்து, கட்டுக்கம்பியை அடியில் நுழைத்து, மேலே இழுத்து, இரும்புக் குச்சியால் முறுக்க வேண்டும். முறுக்கும்போது இடுப்பும் சேர்ந்து திரும்பும். ஷிப்ட் முடியும்வரை இதேதான். கையில் சுமை என்று எதுவும் கிடையாது. அப்படியும் இரண்டாம் வருடமே இடுப்பிலிருந்து வலது கால் வரை மின்னல் மாதிரி வலி இறங்க ஆரம்பித்தது. குனிந்தே நின்றால் மேலுடம்பின் எடை முழுக்க நடுமுதுகுக்குக் கீழேதான் விழுகிறது, அது அப்போது எனக்குத் தெரியாது.

தூக்குகிற வேலை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளம் இருந்தால் சுமார் 46 கிலோ. இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்கு 23. அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தூக்குவதற்கு மேல்வரம்பாகச் சொல்வதும் 23 கிலோதான். அதுவும் சுமை உடம்பை ஒட்டி இருந்து, இடுப்பு திரும்பாமல், எப்போதாவது தூக்கினால்! தரையிலிருந்து அடிக்கடி தூக்கினால் வரம்பு இன்னும் குறையும்.

எங்கள் பிரிவில் வெல்டர் அண்ணன் ஒருவர் பழைய இரும்புச் சேனல் சட்டங்களை வைத்து ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்தார். இடத்தை அடைக்கும் என்று சூப்பர்வைசர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் விட்டுவிட்டார். கம்பி இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. இடுப்பு பெல்ட்டில் கிடைக்காத நிம்மதி அது.

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் மெஷின் பிரிவு என்றால் விரல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அந்த மெஷினின் அதிர்வு கையில் ஏறினால் விரல் மரத்துப்போகும், குளிரில் வெளுக்கும். ஒரு மார்கழி விடியலில் ஷிப்ட் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற நண்பனின் இரண்டு விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை வெளுக்கும்போதே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சரி, தம்பியிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகட்டும். முதுகுவலி என்பதோடு நிறுத்தாமல், நாள் முழுக்கக் குனிந்து கட்டுகிறேன் என்று வேலையையும் சொல்லி, அதைச் சீட்டில் எழுத வைக்கட்டும். நான் நாலு வருடம் தைலம் தேய்த்தே ஓட்டினேன். கடைசியில் இது வேலையால் வந்த வலிதானா என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.