கழுவிய டம்ளர்

"ஐயா, வணக்கம். என் குறுங்கதையை இணைத்துள்ளேன். கொலைகாரன் விஷம் கலந்த கோப்பியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். மறுநாள் காலை பணிப்பெண் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவி வைத்துவிடுகிறாள். ஆனாலும் போலீஸ் அதிலிருந்து அவன் கைரேகையை எடுத்துவிடுகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். இது நடக்குமா? துப்பறியும் கதை இலக்கியம் ஆகுமா?
எம்., ஈசூன்"

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்வியை விடுங்கள். அதைக் கேட்காதவர்கள்தான் நல்ல துப்பறியும் கதை எழுதுகிறார்கள்.

வெறும் தண்ணீர் என்றால் நடக்கும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பும் அமினோ அமிலமும் இருக்கும்; முகத்தையும் முடியையும் தொட்டதில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். தண்ணீர் முன்னதைக் கரைத்துவிடும், பிசுக்கைத் தொடாது. அமினோ அமிலத்தைத் தேடும் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் நனைந்த காகிதத்தில் கைவிரிப்பது இதனால்தான். ஈரமான கண்ணாடியிலோ உலோகத்திலோ மாலிப்டினம் டைசல்ஃபைடு பொடியை நீரில் கலக்கித் தெளிப்பார்கள். பொடி பிசுக்கில் போய் ஒட்டிக்கொள்ள, ரேகை சாம்பல் கறுப்பாய் எழும். ஆனால் சோப்பு? பிசுக்கைப் போக்கத்தானே அதை வாங்குகிறோம்! நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்த டம்ளரில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. நண்பர்கள் சிரித்தது சரிதான். வேண்டுமானால் பித்தளை டபராவில் கோப்பி கொடுங்கள். வியர்வை உப்பு பித்தளையை அரித்துவிடும். கழுவினாலும் தடம் சில சமயம் நிற்கும். 2008இல் இங்கிலாந்தின் தடயவியல் நிபுணர் ஜான் பாண்ட் பித்தளைத் தோட்டா உறைகளில் இதைக் காட்டினார். ஆனால் அந்தப் பெண் புளி போட்டுத் துலக்கினால் அதுவும் போச்சு.

அந்தப் பெண். என் கோபம் அங்கேதான். கொலைகாரனின் கைக்கடிகாரத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். இவளுக்குப் பெயர்கூட இல்லை, 'பணிப்பெண்'. கழுவி, துடைத்து, அடுக்கியவள் அவள். டம்ளரில் ரேகை என்று ஒன்று கிடைத்தால் அது அவளுடையதாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்களின் ரேகையை எடுத்து முதலில் கழிப்பார்கள். உங்கள் போலீஸ் அவள் விரலைக் கேட்கவே இல்லை. நீங்களும்தான் கேட்கவில்லை.

என் அம்மா ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் பதினேழு வருடம் தட்டு கழுவினார். ஒருமுறை ஏதோ பத்திரத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கட்டைவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார், சிவப்பு. வகிட்டோரம் எண்ணெய் தடவிய முடியில் விரலைத் தேய்த்துக்கொண்டு வைத்துப் பார்த்தார். அப்போதும் சிவப்பு. நான் குனிந்து அந்த விரலைப் பார்த்தேன். ரேகை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. அத்தனை வருடம் அந்தக் கையால் பரிமாறிய சோற்றைத் தின்றவன், அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

முகப்பில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஆன்ட்டி, போய் நல்லா சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க."

அம்மா எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

டம்ளரை எப்படியாவது சரிசெய்துகொள்ளுங்கள். அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.